‘இது எது மாதிரி கேம்?’: ஜானர் பெயர்களும் அவற்றின் மேல் நடக்கும் சண்டைகளும்

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை மட்டும் நிச்சயம்: எந்த கேம் எந்த ஜானர், அதாவது எந்த வகை. ஹேடிஸ் என்ற கேம் ரோக்லைக்கா, ரோக்லைட்டா? எல்டன் ரிங்கை ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம்) என்று சொன்னால் போதுமா, சோல்ஸ்லைக் என்றுதான் சொல்ல வேண்டுமா? பிரெஞ்சுக்காரர்கள் செய்த கேமை ஜேஆர்பிஜி, அதாவது ஜப்பானிய ஆர்பிஜி, என்று எந்த வாயால் சொல்வது? வெளியிலிருந்து பார்த்தால் வேலைவெட்டி இல்லாதவர்களின் சண்டை மாதிரி இருக்கும். பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு நல்ல வேலையே இருக்கிறது, காலை மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுத்தான் இந்தச் சண்டையைப் போடுகிறார்கள்.

சண்டை ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்றால், நாம் ஜானர் என்று சொல்லும் பெயர்கள் எல்லாம் ஒரே அளவுகோலால் அளந்து வைத்தவை அல்ல. எஃப்பிஎஸ் (ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்) என்பது கேமரா எங்கே இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. ஹாரர் என்பது உனக்கு என்ன தோன்றும் என்று சொல்கிறது. ஓபன் வேர்ல்ட் (எங்கும் இஷ்டப்படி சுற்றலாம்) வரைபடத்தைப் பற்றிப் பேசுகிறது, ஜேஆர்பிஜி ஒரு நாட்டைப் பற்றிப் பேசுகிறது, இண்டி என்பது யார் காசு போட்டார்கள் என்பதைப் பற்றி. ரோக்லைக், சோல்ஸ்லைக் எல்லாம் ரோக், டார்க் சோல்ஸ் என்று தாத்தா கேமின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிற ரகம். சினிமாவிலும் இந்தக் குழப்பம் கொஞ்சம் உண்டுதான், ஆனால் அங்கே நாம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. கேமில் கை வேலை செய்கிறது. ஒரே கதை, ஒரே போர்க்களம், ஒரே துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்களே குறிபார்த்துச் சுடுகிறீர்கள், இன்னொன்றில் மேலிருந்து பார்த்து முறை வைத்து ஆட்களை நகர்த்துகிறீர்கள். படமாக எடுத்தால் இரண்டும் ஒரே போர்ப்படம். கேமாக ஆடினால் முதலாவதை ஆடுகிறவர் இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

தமிழில் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாகத் தெரியாது. நம் சிற்றிலக்கிய வகைகளைப் பாருங்கள். தொண்ணூற்றாறு என்று கணக்குச் சொல்கிறோம், ஆனால் அந்தாதி என்பது ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் கட்டமைப்பைச் சொல்கிறது, சதகம் எண்ணிக்கையைச் சொல்கிறது, உலாவும் தூதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கின்றன, கலம்பகமோ பல உறுப்புகளைக் கலந்து கட்டியது. பரணிக்குப் பாட்டியல் நூல்கள் சொல்லும் இலக்கணம், போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது என்பது. அப்புறம் என்ன ஆயிற்று? தத்துவராயர் அஞ்ஞவதைப் பரணி பாடினார். அங்கே கொல்லப்படுவது அஞ்ஞானம், யானையின் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆனால் பரணி என்ற பெயர் நின்றது, ஏனென்றால் கேட்கிறவருக்குப் பேயும் காளியும் களமும் எப்படி வரும் என்று முன்பே தெரியும். கேம் வகைகளும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகின்றன: முதலில் ஒரு கேம் வரும், அது மாதிரி பத்து வரும், பிறகு யாராவது உட்கார்ந்து இலக்கணம் எழுதுவார்கள், எழுதி மை காயும் முன்பே அதை மீறி ஒன்று வந்து நிற்கும்.

பழைய பட்டியல்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அமெரிக்க கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்ட் 1984இல் வெளியிட்ட புத்தகத்தில் அன்றைக்கு இருந்த கேம்களை வகைபிரித்தார். அதில் பேடில் கேம் (மட்டையால் பந்தைத் தட்டுவது) என்று ஒரு தனி வகை, மேஸ் கேம் (புதிர்ப்பாதையில் ஓடுவது) என்று ஒரு தனி வகை. பாங் கேமும் அதன் பிள்ளை குட்டிகளும் அவ்வளவு நிறைந்து கிடந்த காலம். இன்று பேடில் கேம் பிடிக்கும் என்று சொல்கிற ஒருவரை எனக்குக் காட்டுங்கள். அட்வென்ச்சர் என்ற பெயர் மட்டும் இன்றும் ஓடுகிறது, ஆனால் அது சாகசத்தைக் குறிப்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். 1976இல் வில் கிரௌதர் எழுதி, அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் விரிவாக்கிய, குகைக்குள் வார்த்தைகளைத் தட்டச்சு செய்தே நடக்கும் ஒரு கேமின் பெயர் அது. அதைப் போன்றவை எல்லாம் அட்வென்ச்சர் ஆயின. பெயர் எங்கிருந்து வந்தது என்று மறந்துபோன பிறகுதான் அது பொதுப்பெயர் மாதிரித் தோன்றுகிறது.

டூம் என்ற துப்பாக்கி கேமின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1993 டிசம்பரில் டூம் வந்த பிறகு அதே பாணியில் வந்த எல்லாவற்றுக்கும் டூம் குளோன் என்றுதான் பெயர். தயாரிப்பாளர்களுக்கு அது எரிச்சல், விமர்சகர்களுக்கு வசதி. ஆனால் 1990களின் இறுதிக்குள் ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர் என்ற பெயர் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஜிடிஏ குளோன் என்பதும் அப்படித்தான், 2001இல் ஜிடிஏ 3 வந்ததற்குப் பிறகு சில ஆண்டுகள் எல்லோர் வாயிலும் இருந்தது, பிறகு ஓபன் வேர்ல்ட் என்று மாறிப்போனது. அப்படியானால் ரோக்லைக் மட்டும் ஏன் மாறவில்லை? சோல்ஸ்லைக் ஏன் மாறவில்லை? என் கணிப்பு இது: டூமை ஒரே ஒரு விஷயத்தால் சொல்லிவிட முடியும். கண்ணின் இடத்தில் கேமரா, கையில் துப்பாக்கி, முடிந்தது. டார்க் சோல்ஸை அப்படிச் சொல்ல முடியாது. தீமூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், ஆனால் செத்த எதிரிகளும் எழுந்து வருவார்கள். செத்தால் சேர்த்த சோல்ஸ் (அந்த கேமில் காசு மாதிரி) எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. வாளை ஓங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. கதையை யாரும் சொல்ல மாட்டார்கள், பொருள்களின் குறிப்பைப் படித்து நீங்களே கோர்க்க வேண்டும். இவற்றில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்துப் பெயர் வைத்தாலும் மற்றது விட்டுப்போகும். கடினமான கேம் என்று சொன்னால் அதைவிடக் கடினமான ஆயிரம் கேம் இருக்கிறது. அதனால்தான் 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ் என்று ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் தொடங்கி வைத்தது இன்றும் அதன் பெயரிலேயே நிற்கிறது. ஒரு மூட்டையைச் சுட்டிக்காட்ட மூட்டையின் பெயரைத்தான் சொல்ல முடியும்.

ரோக்லைக் விவகாரத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆடுகிறவர்களே கூடி இலக்கணம் எழுதிய அபூர்வமான இடம் அது. ரோக் 1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற மாணவர்கள் தொடங்கியது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துகள்: நீங்கள் ஒரு அட் (@) குறி, டிராகன் ஒரு எழுத்து, சுவர் சில கோடுகள். ஒவ்வொரு முறையும் பாதாள அறைகள் புதிதாக அடுக்கப்படும், செத்தால் முதலிலிருந்து. அதிலிருந்து ஹேக், மோரியா, நெட்ஹேக், ஆங்பேண்ட் என்று வம்சம் பெருகியது, 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற அன்றைய இணைய விவாதக் குழுக்களில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் தேவைப்பட்டபோது ரோக்லைக் நிலைத்தது. 2008இல் பெர்லினில் ரோக்லைக் செய்கிறவர்களும் ஆடுகிறவர்களும் கூடினார்கள், அங்கே உருவானதற்குப் பெர்லின் இன்டர்பிரட்டேஷன் என்று பெயர். முறை வைத்து நகர்வது, கட்டம் கட்டமான தளம், செத்தால் செத்ததுதான், தற்செயலாக உருவாகும் உலகம் என்று முக்கியமான கூறுகள் ஒரு பக்கம். எழுத்துகளால் ஆன திரை, பாதாளச் சிறை போன்ற அவ்வளவு முக்கியமில்லாதவை இன்னொரு பக்கம். எப்படி எடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம்: ரோக், நெட்ஹேக், ஆங்பேண்ட், ஏடாம், கிரால் என்ற ஐந்தையும் முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, இவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம், அப்படியே. இது கேம் செய்கிறவர்களைக் கட்டுப்படுத்த அல்ல, சில கூறுகள் இல்லாவிட்டால் ஒரு கேம் ரோக்லைக் இல்லை என்று ஆகிவிடாது என்றும் அந்த அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரும் படிக்கவில்லை போல.

அதே 2008இல் டெரெக் யூ, ஸ்பெலங்கியை இலவசமாக வெளியிட்டார். உலகம் தற்செயலாக உருவாகிறது, செத்தால் செத்ததுதான், ஆனால் முறையும் இல்லை கட்டமும் இல்லை, மாரியோ மாதிரி ஓடிக் குதிக்கிற கேம். 2011இல் பைண்டிங் ஆஃப் ஐசக், 2012இல் எஃப்டிஎல், 2013இல் ரோக் லெகசி. ரோக் லெகசியில் நீங்கள் செத்தாலும் சேர்த்த காசு உங்கள் வாரிசுக்குப் போகும், அடுத்த தலைமுறை கொஞ்சம் பலமாகத் தொடங்கும். அதைச் செய்தவர்களே இது ரோக்லைட் என்று விளம்பரப்படுத்தினார்கள், லைட் என்றால் சும்மா இலேசானது என்ற பொருளில். பழைய ஆட்களுக்கு நிம்மதி, ஏனென்றால் ஒரு வேலி கிடைத்தது. வேலி எங்கே என்பதில்தான் மறுபடி தகராறு. செத்த பிறகும் ஏதாவது கையில் மிஞ்சினால் லைட், எதுவுமே மிஞ்சாவிட்டால் லைக் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஹேடிஸ் லைட், ஏனென்றால் இரவின் கண்ணாடி முன்னால் நின்று பலத்தை நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ள முடியும். பெர்லின் கணக்கில் பார்த்தாலோ ஸ்பெலங்கியே உள்ளே வராது. இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இப்போது டிரெடிஷனல் ரோக்லைக் என்று ஒரு டேக் இருக்கிறது, நெட்ஹேக் மாதிரியானவற்றுக்கு. பிராய்லர் வந்த பிறகு கோழி நாட்டுக்கோழி ஆன கதைதான்.

மெட்ராய்ட்வேனியா என்ற விநோதப் பெயரும் இப்படி இரண்டு தாத்தாக்களை ஒட்டியது. 1986இல் வந்த மெட்ராய்ட், 1997இல் வந்த கேசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட். ஒரே பெரிய வரைபடம், ஒரு கதவு திறக்காது, எங்கோ போய் இரட்டைத் தாவலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தால் திறக்கும். ஹாலோ நைட் ஆடியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஹாலோ நைட்டில் செத்தால் காசு செத்த இடத்திலேயே கிடக்கும் என்பதால் அதைச் சோல்ஸ்லைக் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன்.

பெயர் வைப்பதில் கம்பெனிகளுக்குத் தனிக் கவலை உண்டு. போட்டியாளரின் கேம் பெயரைச் சொல்லி நம் கேமை விற்க முடியாது. வார்கிராஃப்ட் 3க்காக ரசிகர்கள் செய்த டோட்டா பிரபலமானபோது மற்றவற்றை டோட்டா மாதிரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2009இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கொண்டுவந்த ரயட் நிறுவனம், மோபா என்ற பெயரைப் பரப்பியது. பல பேர் ஆன்லைனில் ஒரு களத்தில் மோதுவது என்பதுதான் அதன் விரிவு, யோசித்துப் பார்த்தால் துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கும் அது பொருந்தும். வால்வ் நிறுவனம் தன் டோட்டா 2க்கு அந்தப் பெயரை எடுக்காமல் ஆக்‌ஷன் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி என்று சொல்லிப் பார்த்தது. ஆடுகிறவர்கள் கேட்கவில்லை, மோபாதான் நின்றது. 2019இல் ஆட்கள் தானாகவே மோதிக்கொள்ளும் டோட்டா ஆட்டோ செஸ் வந்தபோதும் இதே நாடகம், மற்ற கம்பெனிகள் ஆட்டோ பேட்லர் என்று மாற்றிக்கொண்டன.

சில பெயர்கள் திட்டாகப் பிறந்தவை. டியர் எஸ்தர், கான் ஹோம் போன்றவற்றில் சுடவோ குதிக்கவோ எதுவும் இல்லை, நடந்து பார்த்து கேட்பதுதான் வேலை. வாக்கிங் சிமுலேட்டர் என்று கிண்டல் செய்தார்கள், இது கேமே இல்லை என்று சொல்வதற்கான நாகரிகமான வழி. பிறகு 2016இல் ஃபயர்வாட்ச் எல்லாம் வந்து, அந்த மாதிரியே வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெருகியதும் திட்டு முகவரி ஆகிவிட்டது. ஜேஆர்பிஜி என்ற பெயரில் இன்னும் முள் இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸி 16இன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா 2023இல் ஒரு பேட்டியில், அந்தப் பெயரை முதலில் கேட்டபோது தங்களை ஒதுக்கி வைப்பது போலவே இருந்தது என்று சொன்னார். இங்கே பாதிப் பேருக்கு அது பாராட்டுச் சொல்: முறை வைத்துச் சண்டை, சில பேர் கூட்டணி, உலகத்தைக் காக்கும் அழுகைக் கதை. 2025இல் பிரான்ஸின் மான்பெல்லியேவிலிருந்து வந்த க்ளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33 இந்த எல்லாவற்றையும் வைத்திருக்கிறது, ஜப்பான் மட்டும் இல்லை. ஜே என்பது நாட்டைக் குறிக்கிறதா, பாணியைக் குறிக்கிறதா என்ற கேள்வி அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. மைசூர்பாகு கோவையில் செய்தாலும் மைசூர்பாகுதான் என்பது என் கட்சி.

நம் பையன்கள் பக்கம் வருவோம். பெங்களூரின் மடிவாளா, பிடிஎம் பக்கத்துப் பிஜிக்களில் (பேயிங் கெஸ்ட் விடுதிகளில்) சேலத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்கள் பேசும் ஜானர் பட்டியல் ஸ்டீமிலும் கிடையாது, ப்ளே ஸ்டோரிலும் கிடையாது. கன் கேம், ஸ்டோரி கேம், கார் கேம், பஸ் கேம், பப்ஜி மாதிரி, ஜிடிஏ மாதிரி. பக்கத்து அறைப் பையன் ஒருவன் கேட்டான்:

“அண்ணே, ஒரு நல்ல கேம் சொல்லுங்கண்ணே.”

“ஆர்பிஜி ஆடுவியா?”

“ஆர்பிஜின்னா ராக்கெட் லாஞ்சர் தானே?”

ஐஜிஐ, வைஸ் சிட்டி என்ற துப்பாக்கி கேம்களை ஆடி வளர்ந்தவனுக்கு வேறு என்னவாகத் தெரியும். சரி, என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டேன். “கதை இருக்கணும், ஆனா ரொம்பப் பேசிட்டே இருக்கக் கூடாது. லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லண்ணே. நெட் வேணாம், பிஜி வைஃபை உங்களுக்கே தெரியும். செத்தா மொதல்ல இருந்து வரச் சொல்றது வேணவே வேணாம்.” கடைசி நிபந்தனை ஒன்றிலேயே பெர்லினில் கூடியவர்கள் சேர்த்த மொத்த வம்சத்தையும் அவன் தள்ளிவிட்டான், அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே.

அவன் சொன்னதில் கவனிக்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டும் நெட்டும். நம் ஊரில் லோ எண்ட் பிசி கேம், ஆஃப்லைன் கேம் என்பவை உண்மையான ஜானர்கள். யூடியூபில் தமிழில் கேம் பரிந்துரைக்கும் வீடியோக்களின் தலைப்பைப் பாருங்கள்: 4 ஜிபி ரேமில் ஓடும் கேம்கள், ஒரு ஜிபிக்குள் இருக்கும் கேம்கள். புத்தக விமர்சகர் இதை ஜானர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் தேடுகிறவனுக்கு முதல் சல்லடை அதுதான், பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் கிராஃபிக்ஸ் கார்டு விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு இது விளங்கும். பஸ் கேமும் அப்படி. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேம் ப்ளே ஸ்டோரில் வெறும் சிமுலேஷன், விமானம் ஓட்டுவதும் அதே பெட்டிதான். நம் பையன்களோ அதில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் வண்ணம் பூசிய மாட் (ரசிகர்களே செய்த மாற்றம்) போட்டு, ஹாரன் சத்தம் வரை மாற்றி, இரவெல்லாம் ஓட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் ஊர் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற அதே ஆட்கள். அவர்களுக்கு ஃபிளைட் சிமுலேட்டரும் இதுவும் ஒரே வகை என்று சொல்லிப் பாருங்கள்.

பெயரும் எதிர்பார்ப்பும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரிலேயே உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது, அதே வாரம் இந்த ஊர் நிறுவனமான என்கோர் ஃபௌஜி கேமை அறிவித்தது. எல்லோர் மனதிலும் ஒட்டிய லேபிள் ‘நம்ம பப்ஜி’. 2021 குடியரசு தினத்தன்று வந்தது கல்வான் பள்ளத்தாக்கில் கைகலப்பு நடத்தும் தனிநபர் கதை, பப்ஜி போலப் பலர் குதித்துக் கடைசியில் ஒருவர் மிஞ்சும் பேட்டில் ராயல் இல்லை. கதை நடக்கும் இடத்துக்குத் துப்பாக்கி இல்லாதது பொருத்தம்தான், ஆனால் இறக்கியவர்கள் பாராசூட்டில் குதிக்கத் தயாராக வந்தவர்கள். ஏமாற்ற விமர்சனங்கள் குவிந்தன. கேம் நல்லதா மோசமா என்ற பேச்சுக்கு முன்பே, இது அது இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

அரசாங்கத்துக்கும் ஒரு ஜானர் பட்டியல் இருக்கிறது, அதில்தான் பணமும் சிறையும் இருக்கிறது. பெங்களூரில் கேமிங் கம்பெனியில் வேலை என்று சொன்னால் வீட்டு ஓனர் ரம்மியா என்று கேட்பார். பல ஆண்டுகள் அந்தச் சொல்லுக்கு இங்கே அதுதான் பொருள். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலே வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்தக் கோட்டையே அழித்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸ், சோஷியல் கேம், பணம் வைத்து ஆடும் கேம் என்று மூன்றாகப் பிரித்தது, மூன்றாவதற்குத் தடை. ஆடுகிறவனின் கை என்ன செய்கிறது என்பது இந்தப் பட்டியலுக்கு வேண்டியதே இல்லை, பணம் எங்கே போகிறது என்பது போதும்.

இப்போது கண்முன்னே பெயர் தேடிக்கொண்டிருக்கும் வகை ஒன்று இருக்கிறது. வாம்பயர் சர்வைவர்ஸ். 2021 இறுதியில் ஏர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்கும் முறையில்) வந்து, மறு ஆண்டு போனில் இலவசமாகவும் வந்தது. நீங்கள் நகர்ந்தால் போதும், ஆயுதம் தானாகச் சுடும், நான்கு பக்கமும் ஆயிரக்கணக்கில் பூதங்கள் வரும். இதற்கு முன்பே மேஜிக் சர்வைவல் என்ற கொரிய மொபைல் கேம் இதைச் செய்திருந்தது, அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று வாம்பயர் சர்வைவர்ஸைச் செய்த லூகா கலான்டே சொல்லியிருக்கிறார். சர்வைவர்ஸ்லைக் என்று ஒரு கூட்டம். குண்டுமழையில் தப்பிக்கும் புல்லட் ஹெல் வகையைத் தலைகீழாக்கி, மழை பொழிகிறவன் நான்தான் என்பதால் புல்லட் ஹெவன் என்று இன்னொரு கூட்டம். ஆட்டோ ஷூட்டர் என்று மூன்றாவது. டூமுக்கு நடந்தது இங்கேயும் நடக்க வேண்டும் என்றால் ஆட்டோ ஷூட்டர்தான் ஜெயிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகையை ஒரே விஷயத்தால் சொல்லிவிட முடிகிறது. நான் அதன் மேல்தான் பந்தயம் கட்டுவேன். பக்கத்து அறைப் பையனுக்குக் கடைசியில் நான் சொன்னதும் இந்த கேமைத்தான், கதை கிடையாது, செத்தால் முதலிலிருந்து, அவன் நிபந்தனைகளில் பாதியை மீறியது. ஆனால் கார்டும் நெட்டும் கேட்காது. இரண்டு நாளில் பிஜி முழுக்கப் பரவிவிட்டது, “தானா சுடுற கேம்” என்ற பெயரில்.